கவுன்டருக்கு இந்தப் பக்கம்: வாழ்த்து அட்டை கேள்வி பதில்

போன இதழில், வீட்டில் நானே செய்த பொங்கல் வாழ்த்து அட்டைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. பாதிப் பேர் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மீதிப் பேர் அட்டையே செய்து அனுப்பிவிட்டீர்கள். அதில் மூன்று அட்டைகள் நசுங்கி வந்தன, ஒன்றுக்குத் தண்டம் கட்டி வாங்கினேன். அதைப் பற்றியும் கீழே சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் 31 வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்கள் அட்டைகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். அதனால் என் பதில்களில் கலையைவிடத் தராசு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரு வாசகி தன் கணவரைப் பற்றி எழுதியிருப்பதால் இந்த ஏற்பாடு.

அக்கா, வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டு 2,000 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினேன். பன்ச், முத்து, பூப்போட்ட டேப் என்று என்னென்னவோ இருக்கிறது. மூன்று மாதமாகப் பெட்டியைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?
— ஒரு வாசகி, தேனி

கிட்டை அப்படியே வையுங்கள், எங்கும் ஓடிப்போகாது. முதலில் பரணில் ஏறுங்கள். நம் ஊரில் பழைய கல்யாணப் பத்திரிகை இல்லாத வீடு உண்டா? நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியதைக் குப்பையில் போட மனசு வராது. அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் வைத்திருப்போம். அதுதான் உங்கள் முதல் சரக்கு. நல்ல கெட்டி அட்டை, தங்க ஃபாயில் அச்சு, ஓரத்தில் வெட்டுவேலை, சிலவற்றில் குஞ்சம்கூட இருக்கும். ஒரு மாங்காய்க் கரையை மட்டும் தனியே வெட்டி வெள்ளை அட்டையில் ஒட்டிப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். பிள்ளையார் படங்களைப் பத்திரமாக வெட்டி வையுங்கள், கிரகப்பிரவேச அட்டைக்கு ஆகும். என்னிடம் இப்போது 140 பிள்ளையார் இருக்கிறார்கள், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெட்டுவதற்கு முன் மறுபக்கத்தைப் பாருங்கள். நான் ஒருமுறை பத்திரிகை அட்டையையே மடித்து பிறந்தநாள் அட்டை செய்தேன். உள்பக்கம் தாள் ஒட்டி மறைக்க மறந்துவிட்டேன். வாங்கிய சித்தி போன் போட்டு, "மாலை 6 மணிக்கு மேல் வரவேற்புன்னு போட்டிருக்கே, எந்த மண்டபம்டி?" என்று கேட்டார்.

கருவிகள் நான்கு போதும்: ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல், கட்டர், மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா, அடியில் வைத்து வெட்டப் பழைய காலண்டர் அட்டை. பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், கட்டர் அதையும் சேர்த்துச் சீவிவிடும். புது அட்டை வாங்குவதானால் கடையில் "ஐவரி போர்டு, 250 அல்லது 300 ஜி.எஸ்.எம்." என்று கேளுங்கள் (ஜி.எஸ்.எம். என்பது தாளின் எடையைச் சொல்லும் அளவு, கணக்கைக் கீழே சொல்கிறேன்). சார்ட் பேப்பர் மலிவுதான், ஆனால் மேஜையில் நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் குப்புற விழுந்துவிடும். சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்து அச்சகத்தில் வெட்டி மீந்த ஓரத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெரு அச்சகத்தில் ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் தீபாவளிக்கு ஒரு அட்டை கேட்டார்கள். நல்ல வியாபாரம்.

மடிக்கிற இடத்தில் அட்டை வெடித்து வெள்ளையாகத் தெரிகிறது. ஒரே அட்டைக் கட்டில் சிலது நன்றாக மடிகிறது, சிலது வெடிக்கிறது. என் கையில்தான் கோளாறா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

கையில் கோளாறு இல்லை, திசையில் கோளாறு. செய்தித்தாளைக் கிழித்துப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாக எங்கோ போகும். இயந்திரத்தில் காகிதம் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படிந்துவிடுகின்றன, அதனால்தான் இப்படி. அட்டைக்கும் அதே கதைதான். நார் ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் சமர்த்தாக மடியும். குறுக்கே மடித்தால் நார்கள் ஒடிந்து வெடிக்கும். நீங்கள் பெரிய தாளிலிருந்து இடத்தை மிச்சம் பிடிக்கச் சில அட்டைகளை நீளவாக்கிலும் சிலவற்றைக் குறுக்கேயும் வெட்டியிருப்பீர்கள். சரிதானே?

திசையைக் கண்டுபிடிக்க, தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அப்படித்தான் மடிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னத் துண்டை ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள், அது தானாகக் குழல் மாதிரி சுருளும். அந்தக் குழல் நீண்டிருக்கும் திசைதான் நார் ஓடும் திசை. பிறகு வெட்டுவதற்கு முன்பே தாளின் பின்பக்கம் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

அடுத்து கீறல். மை தீர்ந்த பேனா இதற்குத்தான். ஸ்கேலை வைத்து, மடிப்பு வரவேண்டிய இடத்தில் இரண்டு முறை அழுத்தி இழுங்கள். அச்சகத்தில் இதைக் கிரீஸிங் என்பார்கள். இதில் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். பள்ளம் விழுந்த பக்கம் உள்ளே போகும்படி மடிக்கக் கூடாது. பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், அதன் பின்னால் எழும்பும் மேடுதான் உள்ளே போக வேண்டும். அப்படி மடித்தால் வெளிப்பக்க நாருக்கு இழுவை குறையும். கல்யாணப் பத்திரிகையின் மடிப்பை உற்றுப் பாருங்கள், தெரியும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கையால் செய்த காகிதம் இருக்கிறது. சல்லடையில் கூழை அள்ளி ஆட்டிச் செய்வதால் நார்கள் எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கும், எப்படி மடித்தாலும் ஒன்றுதான். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959-லிருந்து செய்கிறார்கள், பூவிதழ் பதித்ததுகூடக் கிடைக்கும். விலை கொஞ்சம் கூட. எனக்கு அதில் பேனா ஓடவில்லை, நிப் நாரில் மாட்டிக்கொள்கிறது. அதனால் முன்பக்கத்துக்கு அதையும், எழுதுகிற பக்கத்துக்குச் சாதா வெள்ளைத் தாளையும் வைத்துக்கொள்கிறேன்.

பசை போட்டதும் காகிதம் அலை அலையாகச் சுருங்கிவிடுகிறது. நல்ல ஃபெவிகால்தான் வாங்குகிறேன்.
— ஒரு வாசகர், திருநெல்வேலி

ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது, காகிதம் அதைக் குடித்து உப்புகிறது. காய்ந்தபின் ஒரு பக்கம் இழுக்கிறது. பெரிய தாளை ஒட்ட குச்சிப் பசையோ இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்போ போதும். ஃபெவிகாலை முத்து, பொத்தான், துணிக்கு மட்டும் வையுங்கள், அதுவும் பல்குச்சி முனையளவு. ஒட்டியதும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து மேலே நான்கு கனமான புத்தகங்கள், ஒரு ராத்திரி. மழைக்காலத்தில் இரண்டு ராத்திரி.

பாட்டி காலத்து மைதாப் பசையைப் பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். அருமையாக ஒட்டும், கரப்பானுக்கும் அருமையாகப் பிடிக்கும். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தைகள் புழங்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

முத்தும் கண்ணாடியும் வைத்து மூன்று நாள் உழைத்து ஓர் அட்டை செய்து, கல்லூரித் தோழனுக்கு அனுப்பினேன். தோழன் 10 ரூபாய் தண்டம் கட்டி வாங்கினானாம். உள்ளே கண்ணாடி தூளாகியிருந்ததாம். தபால்காரர்கள் ஏன் இப்படி?
— ஒரு மாணவர், செங்கல்பட்டு

தம்பி, தபால்காரர்களைக் குறை சொல்லி என்னிடமே கேட்கிறீர்கள். சரி, பரவாயில்லை.

முதலில் தண்டக் கணக்கு. போன மாதம் நான் அனுப்பியபோது கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். நீங்கள் 5 ரூபாய் தலை ஒட்டியிருப்பீர்கள், உறை 20 கிராமைத் தாண்டியிருக்கும். குறைந்த தொகையைப்போல் இரண்டு மடங்கு வாங்குபவரிடம் வசூலிப்பார்கள். அதுதான் அந்தப் பத்து ரூபாய். என் பிஸ்கட் டின்னில் இருக்கும் அட்டைக்கும் இதே கதைதான்.

வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் 300 ஜி.எஸ்.எம். ஏ4 அட்டை ஒன்று 300-ஐ 16-ஆல் வகுத்தால் 18.75 கிராம். அதை ஒரே மடிப்பாக மடித்துப் பெரிய அட்டை செய்தால், உறையையும் சேர்க்கும்போதே 20-ஐத் தாண்டிவிடும். ஒரு முத்துகூட ஒட்ட வேண்டாம்! அதே ஏ4-ஐ இரண்டாக வெட்டி, பாதியை மடித்துச் செய்தால் அட்டை 9 கிராம் சொச்சம், உறை சுமார் 5 கிராம். அலங்காரத்துக்கு இன்னும் 5 கிராம் மிச்சம். இந்த அளவு அட்டை மடித்தபின் 148-க்கு 105 மில்லிமீட்டர் இருக்கும். கடையில் சி6 உறை என்று கேட்டால் கச்சிதமாகப் பொருந்தும். நான் பத்து வருடமாக இந்த ஓர் அளவைத் தவிர வேறு செய்வதில்லை.

இனி கண்ணாடி. உங்கள் உறையின் பயணத்தை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பெட்டியில் விழுகிறது. மேலே இன்னும் நூறு விழுகின்றன. மேஜையில் கொட்டி, முகம் திருப்பி அடுக்கி, தலையின் மேல் இரும்பு முத்திரையால் ஓங்கிக் குத்துகிறோம். அடியில் ரப்பர் பாய் இருக்கும், ஆனாலும் குத்து குத்துதான். பொங்கல் நேரத்தில் எனக்குத் தோள்பட்டை வீங்கும், தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வருவேன். பிறகு கட்டாகக் கயிறு போட்டு இறுக்கி, சாக்குப் பைக்குள், ரயிலுக்குள். இதில் உங்கள் கண்ணாடி முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அதிசயம்.

என்ன செய்யலாம்? அட்டையின் வலது மேல் மூலைக்கு நேராக எதுவும் மேடாக வைக்காதீர்கள், முத்திரை விழுவது அங்கேதான். உறையின் மேல் விரலால் தடவிப் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் அது கட்டில் மற்ற உறைகளையும் குடைந்து, தானும் உடையும். முத்துக்குப் பதில் பஞ்ச் செய்த காகித வட்டம், கண்ணாடிக்குப் பதில் சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாள். முத்து வைத்தே தீருவேன் என்றால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், அல்லது சின்ன அட்டைப்பெட்டியில் பார்சலாக அனுப்புங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு மறக்க வேண்டாம். உங்கள் உறையில் எனக்கு எழுதியதிலேயே ஐந்து இலக்கம்தான் இருந்தது.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? இன்னொன்று, நான் எழுதும்போதெல்லாம் "பிறந்தநாள்" பெரிதாக வந்து, "வாழ்த்து" ஓரத்தில் நசுங்கிவிடுகிறது.
— ஒரு வாசகி, சேலம்

வாழ்த்துகள். வாழ்த்து என்பதோடு கள் சேர்கிறது, நடுவில் க் வர வேலையில்லை என்பதுதான் பெரும்பாலான தமிழாசிரியர்கள் சொல்வது. எங்கள் தமிழய்யா, "க் போட்டால் வாழ்த்தும் கள்ளும் சேர்த்துக் கொடுக்கிறாய்" என்பார். ஆனால் கவுன்டரில் நான் பார்த்த அச்சு அட்டைகளில் முக்கால்வாசி க்-கோடுதான் இருந்தன. அதற்காக யாரும் திருப்பி அனுப்பவில்லை.

நசுங்குவதற்கு மருந்து: இடமிருந்து எழுதாதீர்கள். முதலில் ஒரு ரஃப் தாளில் அதே பேனாவால், அதே அளவில் எழுதிப் பாருங்கள். அதை நடுவில் மடியுங்கள், மடிப்பு எந்த எழுத்தில் விழுகிறது என்று பாருங்கள். அட்டையின் நடுவில் பென்சில் கோடு போட்டு அந்த எழுத்தை அங்கே வைத்து, இரண்டு பக்கமும் விரியுங்கள். நம் எழுத்துகளில் ண, ணா, ஞ போன்றவை அகலமாக உட்காரும், ர, ா எல்லாம் ஒல்லி. எழுத்தை எண்ணி இடம் பிரித்தால் ஏமாறுவீர்கள். மேலே ஒரு விரற்கடை விடுங்கள், இகரத்தின் மேல்வளைவும் புள்ளியும் ஏற இடம் வேண்டும். கீழே உகரச் சுழிக்கும் இடம் வேண்டும். ஸ்கெட்ச் பேனா வெயில் பட்டால் வெளுத்துவிடும். பளபளப்பான அட்டையில் ஜெல் பேனா காய நேரம் எடுக்கும், கை பட்டால் இழுகிவிடும். நான் அதைத் தொட்டுவிட்டுச் சேலையில் துடைத்து, சேலையும் போயிற்று.

பூக்களைக் காயவைத்து ஒட்டினால் கறுத்துப்போகின்றன. செம்பருத்தி, மல்லிகை, ரோஜா எல்லாம் முயன்றுவிட்டேன்.
— ஒரு வாசகி, கோவை

மூன்றுமே ஈரம் அதிகமுள்ள பூக்கள். மல்லிகை எப்படியும் பழுப்பாகத்தான் போகும், அதை விட்டுவிடுங்கள். காம்பவுண்டு சுவரில் படர்ந்திருக்கும் காகிதப்பூவைப் பறித்துப் பாருங்கள். அதில் நிறமாகத் தெரிவது உண்மையில் பூவிதழே இல்லை, பூவைச் சுற்றியிருக்கும் நிறமுள்ள இலை. மெல்லிசு, ஈரம் குறைவு, நிறம் நிற்கும். பெரணி, வேப்பங்கொழுந்து, சாலையோரப் புல்லின் கதிர் எல்லாம் நன்றாக வரும். வெயில் ஏறி, பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். பழைய டெலிபோன் டைரக்டரி வீட்டில் இருந்தால் பொக்கிஷம், அந்தத் தாள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். இல்லாவிட்டால் செய்தித்தாள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். மேலே அம்மிக்குழவி. இரண்டு வாரத்தில் தயார்.

அரச இலையை நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும்படி செய்வது தனி ஆனந்தம். முற்றிய இலைகளை ஒரு வாளித் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப்போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றி, பச்சை அழுகியபின் பழைய டூத் பிரஷால் மெல்லத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். தேய்த்தால் கிழியும். நாற்றம் அடிக்கும், ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் மாடிவீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியில் எலி செத்துவிட்டது என்று ஆள் கூட்டிவந்து தொட்டியைக் கழுவினார். நான் வாளியைப் பற்றி இன்றுவரை அவரிடம் மூச்சு விடவில்லை.

நூலால் கோலம் தைத்த அட்டையைப் போன இதழில் படம் போட்டிருந்தீர்கள். எப்படி?
— ஒரு வாசகி, ஈரோடு

சிக்குக் கோலத்தை எடுக்காதீர்கள், வளைவுக்கு நிறைய ஓட்டை வேண்டும். நேர்க்கோடுகளால் ஆன நட்சத்திரக் கோலம்தான் நூலுக்குத் தோதானது. ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி நாலு வரை. மொத்தம் 37 புள்ளி வரும். புள்ளிக்குப் புள்ளி ஒரு சென்டிமீட்டர் வைத்தால் கோலம் ஆறு சென்டிமீட்டர் அகலத்தில், நான் சொன்ன சின்ன அட்டைக்குள் அழகாக உட்காரும்.

மெல்லிய தாளில் புள்ளியையும் கோலத்தையும் வரைந்து அட்டையின் முன்பக்கத்தின் மேல் கிளிப் போட்டு வையுங்கள். அடியில் தெர்மகோல் துண்டு. கோடு திரும்பும் இடங்களில் மட்டும் ஊசியால் குத்துங்கள். எல்லா ஓட்டையும் குத்தி முடித்தபிறகுதான் நூல். குத்தியபடியே தைத்தால் பின்பக்கத்திலிருந்து ஊசி எங்கே வெளிவரும் என்று தெரியாது, அட்டை அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டு இழை பிரித்துக்கொண்டால் போதும். முடிச்சுப் போடாதீர்கள், முன்பக்கம் புடைக்கும். நூல் நுனியைப் பின்பக்கம் டேப்பால் ஒட்டிவிட்டு, கடைசியில் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மறையுங்கள். ஓட்டைகளுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டராவது விடுங்கள். நெருக்கிக் குத்தினால் தபால் தலை கிழிவது மாதிரி கோலம் தனியாகக் கழன்று கையில் வந்துவிடும். சிவப்பு அட்டையில் வெள்ளை நூல் போட்டுப் பாருங்கள், காவிக்கரை போட்ட வாசல் மாதிரியே இருக்கும்.

என் கணவர், "வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் போகிற வாழ்த்துக்கு வீடு முழுக்கக் காகிதக் குப்பையா?" என்கிறார். உங்கள் பதிலை அவருக்குப் படித்துக்காட்டப் போகிறேன்.
— ஒரு வாசகி, சிவகங்கை

என்னைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். அவர் சொல்வதில் பாதி சரி என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை பிறந்ததே வேலையை மிச்சம் பிடிக்கத்தான். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் படம் வரையச் சொல்லி, அச்சடித்து அனுப்பிவிட்டார். மீந்ததை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். அதற்கு மூன்று வருடம் முன்புதான் அங்கே ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் முறை வந்திருந்தது, அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் இந்தக் கோலும் ஒருவர். ஆக, நம் ஆள்தான், தபால்காரர். அன்றைக்கு அவர் வீட்டிலும் யாராவது, "ஒரு கடிதம்கூட எழுத முடியவில்லையா? அச்சடித்த அட்டையா?" என்று கேட்டிருப்பார்கள்.

தொண்ணூறுகளில் பொங்கலுக்கு நம் ஊரில் நடந்ததும் அப்படித்தான். மார்கழி பிறந்ததும் கடைவாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பு, பானை, மாடு, ரஜினி, லட்சுமி. அடுத்த தெருவில் இருக்கிறவருக்குக்கூட வாங்கித் தபாலில் போடுவார்கள். நாங்கள் தனியாகப் பெட்டி வைத்தும் நிரம்பி வழியும். அதில் பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு கையெழுத்து மட்டும்தான் இருக்கும். உறைக்குப் பசை போடாமல் மடித்துச் செருகி வருவார்கள், அதனால் எனக்குத் தெரியும்! இரண்டு வரி கையால் எழுதிய அட்டை வந்தால் முத்திரையைக் கொஞ்சம் மெதுவாகக் குத்துவேன். இது துறை விதியில் கிடையாது.

என் வீட்டுக்காரரும் உங்கள் வீட்டுக்காரர் கட்சிதான். கணக்கர். ஒருநாள் என் செலவையெல்லாம் எழுதிக் கூட்டி, "ஓர் அட்டைக்கு 38 ரூபாய் ஆகிறது, கடையில் 30" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் கணக்கு சரியாக இருந்தது. "உறையை வெளியில் வாங்குவதால்தான் இவ்வளவு ஆகிறது, நீங்கள் செய்து தருகிறீர்களா?" என்று கேட்டேன். இப்போது காலை காபிக்குப் பிறகு பழைய காலண்டர் தாளில் உறை மடிக்கிறார். ஸ்கேல் பிடிப்பதில் என்னைவிடக் கெட்டி. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மறுபடி வெட்டுகிறார். குப்பை முன்பைவிட அதிகம், ஆனால் இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

விற்கலாமா? என்ன விலை வைப்பது?
— ஒரு வாசகி, சென்னை

என் நாத்தனார் மகள் வளைகாப்புக்கு 60 அழைப்பு அட்டை செய்து கொடுத்தேன், ஒன்று 25 ரூபாய். சாமான் செலவு 14 போக, கையில் 11 நின்றது. 60-க்கு 660 ரூபாய். சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் வீட்டுக் கணக்கர் நேரத்தைக் கேட்டார். ஒன்றுக்கு 40 நிமிடம், மொத்தம் 40 மணி நேரம். மணிக்கு 16 ரூபாய் 50 காசு. அதோடு கழுத்துவலி.

விற்பதென்றால் உங்கள் நேரத்துக்கு முதலில் ஒரு விலை வையுங்கள். அந்த விலைக்கு யாரும் வாங்காவிட்டால் பொழுதுபோக்காகவே இருக்கட்டும். நான் அப்படித்தான் விட்டுவிட்டேன். அறுபதாவது அட்டை செய்யும்போது எனக்கு அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்தாலே குமட்டியது.

பாட்டி, நான் ஏழாம் வகுப்பு. ஆசிரியர் தினத்துக்கு எங்கள் டீச்சருக்கு அட்டை செய்யணும். என்னிடம் 10 ரூபாய்தான் இருக்கிறது.
— ஒரு மாணவி, திருவாரூர்

பத்து ரூபாய் தாராளம், கண்ணு. ஒரு வெள்ளை அட்டை வாங்கு. வீட்டில் வெண்டைக்காய் இருக்கும், முற்றலாக ஒன்றை எடு. காம்புப் பக்கம் அரை விரல் விட்டு, குறுக்கே ஒரே வெட்டு. கத்தியை அம்மா பிடிக்கட்டும். வெட்டிய முகத்தைப் பார், ஐந்து இதழ் பூ மாதிரியே இருக்கும். வழுவழுப்பைத் துணியால் நன்றாக ஒற்றி எடு, இல்லாவிட்டால் நிறம் வழுக்கிக்கொண்டு ஓடும். தட்டில் ஒரு பஞ்சை வைத்து அதில் கெட்டியாகக் கரைத்த வாட்டர் கலரை ஊற்று. காயை அதில் ஒற்றி, முதலில் ரஃப் தாளில் ஒரு தடவை, பிறகு அட்டையில். காய்ந்ததும் பச்சை பென்சிலால் காம்பு வரை. உள்ளே அந்த டீச்சர் எந்தப் பாடத்தை நடத்தினபோது உனக்குப் பிடித்தது என்று ஒரு வரி எழுது. தப்பில்லாமல் எழுது, டீச்சர் சிவப்பு மையோடு படிப்பார்.

வெண்டைக்காயை மட்டும் அம்மா பொரியலுக்கு நறுக்க உட்காருவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்.